அதே பாறைக்குத் திரும்பிப் போங்கள்

சனிக்கிழமை காலைகளில் ஜமுனாமரத்தூர் டீக்கடை வாசலில் உங்களைப் பார்க்கிறேன். வேலூர், சென்னை, பெங்களூரிலிருந்து பைக்கில் ஏறி வந்திருப்பீர்கள். கழுத்தில் கேமரா, முதுகில் முக்காலி. "ஐயா, இந்த மலையில எதை எடுக்கலாம்?" என்று கேட்பீர்கள். பீமன் அருவிக்கு வழி சொல்லி அனுப்பிவிடுவேன். அது பாதி பதில்தான். மீதியை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு வயது 71. மலையடிவாரத்தில் ஆலங்காயத்தில் பிறந்தேன். ஐ.டி.ஐ. முடித்து, சுத்திகரிப்பு ஆலைகளில் கருவி மெக்கானிக்காகக் குவைத்தில் பதினொரு வருடம், பிறகு சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் பதினாறு வருடம் வேலை பார்த்தேன். படம் எடுப்பது ஒரு நாளும் எனக்குத் தொழிலாக இருந்ததில்லை. ஆனால் அது இல்லாத ஒரு வாரமும் நினைவில் இல்லை.

1. கையில் இருப்பதைக் கொண்டு தொடங்குங்கள்

1970-ல் மாமா கொடுத்த அக்ஃபா கிளிக் 3 தான் என் முதல் கேமரா. ஒரு ரோலுக்கு 12 சதுரப் படங்கள். வெயிலுக்கு ஒரு அமைப்பு, மேகத்துக்கு ஒரு அமைப்பு, அவ்வளவுதான். பொங்கலுக்குப் போட்ட ரோல் ஆடி வரைக்கும் வரவேண்டும். அதனால் விசையை அழுத்துவதற்கு முன் நாலு தடவை சுற்றி வந்து பார்க்கும் பழக்கம் வந்தது. இன்று உங்கள் சட்டைப் பையில் இருக்கும் செல்போன் அந்தக் கேமராவைவிட எவ்வளவோ மேல். புதுக் கேமரா வாங்கும் வரை காத்திருக்க வேண்டாம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு படம் என்று மட்டும் உங்களுக்கு நீங்களே அளவு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தில் கண் மாறிவிடும்.

2. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுங்கள்

மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஆலங்காயத்திலிருந்து காவலூருக்கு ஏறும் வழியில் ஒரு வளைவில் பாறை ஒன்று இருக்கிறது. அதன்மேல் நின்றால் எதிர்ச்சரிவில் ஒரு சிற்றூர், அதன் சாமைக்காடு, ஓரத்தில் ஒரு புளியமரம் தெரியும். குவைத்திலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் லீவில் வருவேன். 1982, 84, 86, 88 என்று ஒவ்வொரு லீவிலும் அந்தப் பாறையில் ஏறி, அதே 50 எம்.எம். லென்ஸில், அதே ஏப்ரல் வெயிலில், ஒரு படம். சிங்கப்பூர் போன பிறகும் விடவில்லை. ஊருக்குத் திரும்பிய 2008-க்குப் பிறகு வருடம் ஒன்று.

தனியாக எடுத்துப் பார்த்தால் அதில் எந்தப் படமும் அழகில்லை. வரிசையாகத் தரையில் பரப்பினால்தான் பேசும். புல்வேய்ந்த ஒரு வீடு ஓடு போட்டுக்கொள்கிறது, பிறகு கான்கிரீட் ஆகிறது. ஒரு படத்தில் மின்கம்பம் முளைக்கிறது. இன்னொன்றில் ஒற்றையடிப் பாதை வண்டித்தடமாகிவிட்டது. சாமை விளைந்த ஒரு துண்டு நிலம் ஐந்து படங்களாகத் தரிசாகவே கிடக்கிறது. புளியமரம் மட்டும் அப்படியே நிற்கிறது. ஊரிலேயே இருந்திருந்தால் இதையெல்லாம் நான் கவனித்திருக்க மாட்டேன். இரண்டு வருட இடைவெளிதான் காட்டியது.

படங்களை இப்படி ஒப்பிட்டுப் பார்ப்பதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. நம் மலையிலேயே இருக்கும் காவலூர் வானாய்வகத்திடமிருந்து கற்றேன். 1988-ல் அங்கே ராஜமோகன் என்ற வானியலாளரின் குழு ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தது. வானத்தின் ஒரே பகுதியைக் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி படமெடுத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முறை. நட்சத்திரங்கள் இருந்த இடத்தில் இருக்கும். எந்தப் புள்ளி நகர்ந்திருக்கிறதோ அது சிறுகோள். 4130 என்ற எண் பெற்ற அந்தச் சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயரை வைத்தார்கள். ஒரு படத்தை மட்டும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அது ஆயிரம் புள்ளிகளில் ஒரு புள்ளிதான்.

கொடைக்கானல் வானாய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். நூறு ஆண்டுக்கு மேல் ஒரே சூரியன். சூரியப் புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைவதை அந்தப் படங்களில் இத்தனை சுற்று தொடர்ந்து பார்க்க முடிகிறது. எடுத்தவர்களில் பலர் தங்கள் படங்களின் முழுப் பயனையும் பார்க்காமலே போயிருப்பார்கள். உங்களுக்கும் அப்படி நேரலாம். அதற்காக விட்டுவிடாதீர்கள்.

செய்முறை: நிற்கும் இடத்தைக் கல்லாலோ சுண்ணாம்பாலோ குறித்துவையுங்கள். அதே லென்ஸ், அதே உயரம், அதே மாதம், முடிந்தால் அதே மணி. போன முறை எடுத்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் ஓரங்களோடு இந்த முறை ஓரங்களைப் பொருத்திப் பாருங்கள்.

3. பிழைக்கப் போன ஊரைப் பிழைப்புக்கு மட்டும் விட்டுவிடாதீர்கள்

உங்களில் பாதிப்பேர் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ ஜெர்மனிக்கோ வேலைக்குப் போவீர்கள். போகும்போது கேமராவை வீட்டுப் பரணில் வைக்காதீர்கள்.

நான் போன 1979-ல்தான் குவைத் கோபுரங்களைத் திறந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் அதன் முன் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். நானும் அனுப்பினேன். அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் விடுமுறை என்பதால், அந்த நாளை மரக்கலங்கள் கட்டியிருக்கும் துறைக்கும் மீன் சந்தைக்கும் எங்கள் கேம்ப்புக்கும் என்று பிரித்துவைத்துக்கொண்டேன். சமையலறையில் ரொட்டி தட்டும் பெஷாவர்க்காரர், சலவைத் தொட்டியடியில் கடிதம் படிக்கும் மலையாளி. குவைத் வெயில் எனக்கு வெளிச்சத்தைக் கற்பித்தது. பகல் பத்து மணிக்கு மேல் நிழல் காலடியில் ஒட்டிக்கொள்ளும், முகங்கள் கருத்துப்போகும். அதனால் விடியலிலும் அந்தியிலும் மட்டும் எடுக்கப் பழகினேன். ஜூலையில் காரில் மறந்துவைத்த ரோல் நிறம் திரிந்து போயிற்று. அதிலிருந்து ஃபிலிமை ஃபிரிட்ஜில் வைத்தேன். சிங்கப்பூரில் நூலகங்களிலிருந்து புகைப்பட நூல்களைக் கட்டுக் கட்டாக இரவல் எடுத்து வந்து படித்தேன். எனக்கு அதுவே கல்லூரி.

ஏ.கே. செட்டியாரைப் பற்றி உங்களுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா? கோட்டையூர்க்காரர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில் அவருக்கு ஓர் எண்ணம் வந்தது. காந்தியைப் பற்றி ஒரு முழு ஆவணப்படம். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது நிறையவில்லை. உலகத்தைச் சுற்றி ஒரு லட்சம் மைல் பயணம் செய்து, யார் யாரோ எடுத்துவைத்திருந்த படச்சுருள்களைத் தேடித் திரட்டி, 1940-ல் படத்தை வெளியிட்டார். இவ்வளவு செய்தவர் தன்னை எங்கும் முன்னால் நிறுத்தவில்லை. வெளிநாடு போகும் தமிழ்ப் பிள்ளை ஒவ்வொருவரும் அவருடைய பயண நூல்களைப் படித்துவிட்டு விமானம் ஏறவேண்டும் என்பது என் ஆசை.

4. கேட்டுவிட்டு எடுங்கள்

வளைகுடாவில் எண்ணெய் ஆலை, துறைமுகம், ராணுவ இடம் எதையும் எடுக்கக் கூடாது. பெண்களை நோக்கிக் கேமராவைத் தூக்கவே கூடாது. முதலில் எனக்கு அது தடையாகப் பட்டது. பிறகு யோசித்தேன். அங்கே பயத்தால் காட்டிய மரியாதையை என் சொந்த மலையில் நான் காட்டியிருக்கிறேனா? கிளிக் 3 காலத்தில் மலையாளிப் பழங்குடிப் பெண்கள் விறகுக் கட்டோடு வருவதை மறைந்து நின்று எடுத்திருக்கிறேன். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இந்த மலை மக்கள் காட்சிப்பொருள் இல்லை. சாமைக் களத்துக்குள் போகும்முன் செருப்பைக் கழற்றுங்கள். களத்துக்காரரிடம் "அண்ணே, எடுக்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். கீழ்சேப்பிளிப் பக்கம் கல்திட்டைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: குள்ளர் வீடு என்று ஊரார் சொல்லும் அவை பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள். அவற்றின் மேல் ஏறி நின்று படம் எடுப்பது பாட்டன் சமாதியின் மேல் ஏறி நிற்பது.

5. இருட்டைக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்த மலைக்கு வருகிறவர்களுக்கு அருவியைவிடப் பெரிய செல்வம் அதன் இரவு. 1960-களில் ஒருவர் அதற்காகவே இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்.

வைணு பாப்பு 1927-ல் சென்னையில் பிறந்தவர். ஹைதராபாத் அரசின் உதவித்தொகையில் அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் படிக்கப் போனார். 1949 ஜூலையில் ஓர் இரவு வானத்தை எடுத்த கண்ணாடித் தகட்டைக் கழுவிப் பார்த்தபோது அதில் எதிர்பாராத ஒரு வால்நட்சத்திரம் இருந்தது. அது இன்று பாப்பு–பாக்–நியூகிர்க் வால்நட்சத்திரம். அதற்குப் பதக்கமும் வந்தது. அங்கேயே இருந்திருக்கலாம். கற்றுக்கொண்டதையெல்லாம் எடுத்துக்கொண்டு நாடு திரும்பினார். 1960-ல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். இரவு வானத்துக்கு ஏற்ற இடம் தேடி வந்து நின்றது, சந்தனக் காடுகளுக்கு நடுவே 725 மீட்டர் உயரத்தில் இருந்த காவலூரில். 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. அடுத்து 2.34 மீட்டர் தொலைநோக்கியை நம் நாட்டிலேயே கட்டத் தொடங்கினார். முடிவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1982-ல் ஜெர்மனியின் மியூனிக்கில் காலமானார். 1986 ஜனவரியில் அந்தத் தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் அவர் பெயரையே வைத்தார்கள்.

காவலூரின் இடச்சிறப்பு எனக்கு வெளிநாட்டில் இருந்தபோதுதான் புரிந்தது. குவைத்தில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 29 டிகிரி உயரத்தில் நிற்கும், தென் சிலுவையை முழுதாகப் பார்க்க முடியாது. சிங்கப்பூரில் தென் வானம் முழுக்கத் தெரியும், துருவ நட்சத்திரமோ அடிவானப் புகையில் மறைந்துவிடும். நம் மலையில் துருவ நட்சத்திரம் பன்னிரண்டரை டிகிரியில் நிற்கிறது, மே மாத முன்னிரவில் தென் சிலுவையும் எழுந்து நிற்கிறது. வடக்கு, தெற்கு இரண்டு வானமும் ஒரே பாறையிலிருந்து. மூன்று நாட்டில் நின்று பார்த்தவனுக்கு அதன் அருமை தெரியும்.

1986 ஏப்ரலில் லீவில் வந்திருந்தேன். ஹாலி வால்நட்சத்திரம் பூமிக்கு அருகில் வந்திருந்த மாதம். என் பென்டாக்ஸ் கே1000-ஐப் பாறைமேல் மடித்த துண்டில் வைத்து, ஷட்டரை 'பி'யில் திறந்து, இரண்டு நிமிடம் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். கழுவி வந்த படத்தில் நட்சத்திரம் ஒவ்வொன்றும் சின்னக் கோடு. வானம் மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. இரண்டு நிமிடத்தில் அரை டிகிரி, அதாவது முழு நிலாவின் அகலம். கேமரா அசையவில்லை, பூமிதான் அசைந்தது. காவலூரில் தகடு போட்டு எடுத்த காலத்தில், வானியலாளர் ஒரு நட்சத்திரத்தைக் குறுக்குக் கம்பிகளின் நடுவில் பிடித்துவைத்துக்கொண்டு, அது விலகவிடாமல் தொலைநோக்கியைத் திருத்தியபடி மணிக்கணக்கில் விழித்திருப்பார் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

உங்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 500-ஐ லென்ஸின் எம்.எம். எண்ணால் வகுங்கள். 20 எம்.எம். என்றால் 25 வினாடி. அதுவரை நட்சத்திரம் புள்ளியாக நிற்கும். என் 50 எம்.எம்.முக்குப் பத்தே வினாடி. சின்ன சென்சார் கேமராக்களுக்கும், பெரிதாக அச்சிடப் போகிறவர்களுக்கும் இன்னும் குறைக்கவேண்டும். ஜனவரியிலிருந்து மே வரை வானம் தெளிவு. பால்வீதியின் நடுப்பகுதி வேண்டுமானால் ஏப்ரலில் பின்னிரவு மூன்று மணிக்கு எழுந்திருங்கள். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம் வேண்டும். ஒரு முறை செல்போனைத் திறந்தால் அது அத்தனையும் போய்விடும்.

காவலூர்ச் சாலையில் பைக்கை நிறுத்தி ஹெட்லைட்டைப் போட்டுவைத்துப் படம் பிடிக்காதீர்கள். கோடி கோடி மைல் கடந்து வரும் மங்கிய வெளிச்சத்தைப் பிடிக்க ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

6. படத்தைக் கொடுத்துவிடுங்கள், பிரதி ஒன்றை வேறு இடத்தில் வையுங்கள்

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படை குவைத்துக்குள் வந்தது. செப்டம்பரில் பஸ்ரா, பாக்தாத் வழியாக பஸ்ஸில் ஜோர்டான் எல்லைக்குப் போய், அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானத்தில் பம்பாய் வந்தேன். ஏறத்தாழ 1,70,000 இந்தியர்கள் அப்படி வந்தோம். கையில் ஒரு பை. அறையில் மூன்று பிஸ்கட் டின்களில் பதினொரு வருட நெகட்டிவ்கள் இருந்தன. எடுக்க முடியவில்லை. மலைப்பாறையின் நான்கு லீவு நெகட்டிவ்களும் அதில்தான். ஹாலியும் அதில்தான்.

ஒரு வருடம் கேமராவைத் தொடவில்லை.

பிறகு அம்மா தன் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். மாதாமாதம் கடிதத்தோடு நான் அனுப்பிய பிரிண்ட்டுகள் எல்லாம் மஞ்சள் துணியில் சுற்றியிருந்தன. பாறைப் படங்கள் நான்கும் இருந்தன. கூட வேலை பார்த்தவர்களுக்கு எழுதிப் போட்டேன். திருச்சூரிலிருந்து, காயல்பட்டினத்திலிருந்து, பெஷாவரிலிருந்துகூட, நான் அவர்களுக்குக் கொடுத்திருந்த படங்களுக்குப் பிரதி எடுத்து அனுப்பினார்கள். எல்லாம் சேர்த்து 63. ஹாலி படத்தின் ஒரே பிரிண்ட் எனக்கு அறிவியல் சொல்லித்தந்த ஆசிரியரின் வீட்டுச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. பத்திரப்படுத்தியது போயிற்று. கொடுத்தது நின்றது.

செட்டியாரின் காந்தி படத்துக்கும் இதுதான் நடந்தது. 1940-ல் தமிழில் வந்த மூலப்படம் பின்னாளில் தேடியும் கிடைக்கவில்லை. 1953-ல் ஹாலிவுட்டில் சுருக்கி ஆங்கிலத்தில் ஆக்கியிருந்தார்கள். அதன் பிரதி ஒன்றை வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் கண்டெடுத்தார்.

ஆகவே இரண்டு ஹார்ட் டிஸ்க் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. யாரை எடுத்தீர்களோ அவர் கையில் காகிதத்தில் அச்சிட்ட ஒரு பிரிண்ட் போய்ச் சேரவேண்டும். செல்போனுக்கு அனுப்புவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். போன் உடையும்போது அதுவும் போய்விடும். இந்த மலையில் சில வீடுகளில் இறந்தவருக்கு மாலை போட ஒரு படம்கூட இல்லாமல் ரேஷன் கார்டுப் படத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லி என்னிடம் வந்திருக்கிறார்கள்.

7. பின்னால் எழுதுங்கள்

தேதி, இடம், யார், எந்தத் திசை. பிரிண்ட்டின் முதுகில் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஊறும். கம்ப்யூட்டரில் என்றால் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். திரும்பி வந்த 63 படங்களில் 19-ல் இருப்பவர்கள் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. எழுதாமல் விட்டது நான்தான்.

8. ஒரு லென்ஸ் போதும்

முப்பது வருடத்தில் பெரும்பாலும் ஒரே 50 எம்.எம். அதில் அடங்காதது வந்தால் நடந்து பின்னால் போனேன். 1858-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை எடுத்த லின்னேயஸ் டிரைப், ஒரு சட்டத்தில் அடங்காததைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்துக்குச் செய்தார். நம் மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் மாதவையாவின் மகன், பல பாகங்களைச் சேர்த்துத் தாமே பொருத்திக்கொண்ட கேமராவில் கறுப்பு வெள்ளையிலேயே யானைகளை எடுத்தார். லென்ஸ் வாங்கும் பணத்தில் இரண்டு வருடம் இந்த மலைக்கு பஸ் டிக்கெட் எடுக்கலாம்.

9. அடுத்த முறை வரும்போது

ஹாலி இனி வருவது 2061-ல். நான் இருக்க மாட்டேன், உங்களில் பலர் இருப்பீர்கள். பாறை இருக்கும் வளைவை நேரில் வந்தால் காட்டுகிறேன். நான் நிற்கும் இடத்தில் உளியால் இரண்டு கோடு போட்டுவைத்திருக்கிறேன். எனக்குப் பிறகு வருடம் ஒரு படம் எடுக்க ஒருவர் வேண்டும். ஏப்ரல் மாதம், காலை ஏழரை மணி, 50 எம்.எம். உங்களில் யாராவது ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களிடம் கேட்பது ஒன்றுதான். போன முறை இந்த மலையில் யார் யாரை எடுத்தீர்களோ, அவர்கள் படங்களை அச்சிட்டுப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். வீடு தெரியவில்லை என்றால் டீக்கடையில் காட்டுங்கள். முகத்தைப் பார்த்ததும் வழி சொல்வார்கள்.